மென்டர் என்பதற்குத் தமிழ் என்ன?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில், சிறுதொழில் செய்யும் பெண்களுக்கான வகுப்பொன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டிடத்தில் நடந்தது. அதன் வருகைப் பதிவேட்டின் கடைசி நிரலில் ‘மென்டர் கையொப்பம்’ என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்திட வந்த ஒருவர், “மென்டர் எண்டா கந்தோரால வாறவரா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை, சம்பளம் எதுவும் வாங்காமல் உங்கள் தொழிலுக்கு உதவ வருபவர் என்று சொன்னேன். சொன்னது பிழையன்று, ஆயினும் அது வேலையின் விவரமே தவிர அந்தச் சொல்லுக்கான தமிழ் அன்று. அந்தக் குறையே இக்குறிப்புக்குக் காரணம்.

மென்டர் என்பது முதலில் ஓர் ஆளின் பெயர். பழைய கிரேக்கப் புலவர் ஓமரின் ஒடிசி காவியத்தில், துரோய்ப் போருக்குப் புறப்படும் ஒடிசியசு தன் வீட்டையும் உடைமைகளையும் பார்த்துக்கொள்ளும்படி மென்டர் என்ற முதிய நண்பரிடம் ஒப்படைத்துச் செல்கிறான். பின்னர் அவன் மகன் தெலமாக்கசுக்குத் துணிவூட்டி வழி சொல்வது, அந்த முதியவரின் உருவில் வரும் அதீனா தெய்வம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: உண்மையான மென்டர் காத்துநின்ற காலத்தில்தான், ஒடிசியசின் மனைவியை மணக்க வந்தவர்கள் அவன் மந்தைகளை அறுத்துத் தின்று தீர்க்கிறார்கள். சொத்தைக் காக்க வைத்த ஆளால் காக்க முடியவில்லை. அவர் பெயர் மட்டும் புகழ்பெற்றுவிட்டது. 1699இல் பிரெஞ்சு மொழியில் பெனலோன் எழுதிய தெலமாக்கு கதையில் மென்டருக்குப் பெரிய பங்கு கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டில் அச்சொல் அறிவூட்டும் மூத்தவர் எவரையும் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. நினைத்தல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து இப்பெயர் பிறந்ததென மொழிநூலார் கருதுவர். நாம் வடமொழி வழியே பெற்ற மந்திரம், மந்திரி ஆகியவையும் அதே வேரின.

இன்று வளர்ந்தோருக்கான வணிகக் கல்வியில் இச்சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற வணிகர்களும் அதிகாரிகளும் சிறுதொழில் செய்வோருக்குக் கட்டணமின்றி வழிசொல்லும் ஸ்கோர் அமைப்பு 1964இல் தொடங்கியது. பண்ணைப் பெண்களுக்கென 2003இல் இலினோயில் தொடங்கிய ‘ஆனியின் திட்டம்’ உற்பத்தி, சந்தை, நிதி, சட்டம், மனிதர் என்னும் ஐவகை இடர்நேர்வுகளையும், அதாவது நேரக்கூடிய கேடுகளையும், கற்பிக்கிறது. வகுப்பில் இந்த ஐந்தையும் ஒருவர் பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். எழுதியது தன் கொப்பியில் எந்த வரியோடு பொருந்துகிறது என்று வீட்டுக்குப் போன பின் குழம்பும் ஒருவரின் பக்கத்தில் போய் அமர்வதே மென்டரின் வேலை.

அந்த வகுப்பில் எருமைத் தயிர் விற்கும் பெண்ணுக்கு, கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் துணையாக வந்தார். கணக்குக் கொப்பியை முன்பின்னாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சட்டிக் காசு எங்க மகள் எழுதியிருக்கு?” என்றார். “அது முதலே வாங்கி வச்சதுதானே ஐயா” என்று பதில் வந்தது. உடைந்த சட்டிகளை எண்ணச் சொன்னார், இருபதில் மூன்று. அடுத்து, வீட்டுப் பாலுக்கும் ஒரு விலை போடச் சொன்னார். “நம்மட எருமைப் பாலுக்கு நாமளே காசு குடுக்கிறதா?” என்று அந்தப் பெண் சிரித்தார்; ஆனால் விலையைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. “மாரியில பாதை மூடினா தயிர் எங்க போகும்?” என்பது பெரியவரின் அடுத்த கேள்வி. தயிர் முழுவதும் வீதியோரக் கடை ஒன்றுக்கே போய்க்கொண்டிருந்தது. கடைந்து நெய்யாக்கி வைக்கலாம் என்று சொன்னவர் பெரியவர் அல்லர், பக்கத்தில் இருந்த இன்னொரு பெண். பெரியவர் அதைக் குறித்துக்கொண்டு, 1978 சூறாவளியில் கூரை பறந்து, களஞ்சியத்தில் அரிசி மூட்டைகள் நனைந்தபோது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கியிருந்த தன் பிழையைச் சொன்னார்.

இந்த வேலைக்கு ஏற்ற தமிழ்ப் பெயர் எது? வளவாளர் பொருந்தாது, அவர் பாடம் நடத்திவிட்டுப் போகிறவர். ஆலோசகர் என்றால் கட்டணம் வாங்குபவர் என்ற எண்ணம் வரும். மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நினைவுக்கு வருவார்: பகலில் வயலுக்கும் வாவிக்கும் போய்வந்த வளர்ந்த மனிதருக்கு, அவர் ஆடும் பாத்திரத்தின் பாட்டுப் பகுதியான சட்டத்தைக் கொடுத்து, மாதக்கணக்காக இரவிரவாகப் பழக்கி, களரியில் அரங்கேற்றும் வரை கூட நிற்பவர் அவர். மென்டரின் பண்புக்கு இவ்வளவு நெருங்கிய ஆள் நம் ஊரில் வேறில்லை. எனினும் அந்தப் பெயர் கூத்துக்கு உரியது. தயிர்க் கணக்குக்கு இழுத்துவருவது அதற்கும் நியாயமாகாது.

வழிகாட்டி என்பதே பரவலாக எழுதப்படுகிறது. அதில் எனக்குள்ள தயக்கம், கைநூலையும் வீதியோரக் கைகாட்டி மரத்தையும்கூட வழிகாட்டி என்கிறோம் என்பது. கைகாட்டி மரம் தான் காட்டும் ஊருக்குப் போனதில்லை. மென்டரிடம் நாம் தேடுவது போய்வந்த அனுபவத்தை. இந்த நுட்பத்தைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே ஓர் இலக்கிய வகையாக்கிவிட்டது. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் என்றால் வழியிற் செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்குத் தான் போன வழியைச் சொல்வதே ஆற்றுப்படை. பெற்றவர் பெறாதவர்க்கு அறிவுறுத்துவது என்றே தொல்காப்பியமும் அதன் இலக்கணத்தைச் சொல்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் நன்னனின் கொடையைப் புகழ்வதோடு நிற்கவில்லை: பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் இருளில் நடக்காதீர்கள், பாம்புகள் உறையும் குழிகளைப் பார்த்துப் போங்கள், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்களுக்கு ஒதுங்குங்கள், வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறது. வழிச்செலவுக்கான இடர்நேர்வு முகாமைத்துவம் என்றே அதைப் படிக்கலாம்.

அப்படியானால் ஆற்றுப்படுத்துநர் என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் இங்கே, போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட மக்களிடையே, ஆற்றுப்படுத்தல் என்பது உளவளத்துணையோடு ஒட்டிக்கொண்ட சொல். மனத்துயரைக் கேட்க வருபவரே ஆற்றுப்படுத்துநர். கணக்குக் கொப்பி பார்க்க அப்படி ஒருவர் வருகிறார் என்றால், ‘எனக்கு ஒண்டுமில்லையே’ என்று அந்தப் பெண் விலகிவிடுவார். ஆகவே என் தெரிவு வழித்துணைவர். வழித்துணை எல்லார் வாயிலும் புழங்கும் சொல். கூட நடப்பவர் என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. முடிவெடுப்பவர் வழிநடப்பவரே என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

முன்னொட்டாகத் தொண்டர் என்பதைத் தவிர்ப்பேன். தொண்டு உயர்ந்த சொல்தான். ஆனால் கிழக்கில் தொண்டர் ஆசிரியர் என்றால், என்றாவது நிரந்தர நியமனம் வரும் என்று காத்திருப்பவர் என்ற நினைவு முந்திக்கொள்ளும். தன்னார்வ வழித்துணைவர் என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. முதியோர் கல்வி என்று எழுதினால் முப்பது வயதுக்காரர் முகம் சுளிப்பார். வளர்ந்தோர் கல்வி போதும். இடர் முகாமைத்துவம் என்று அறிவித்தலில் போட்டபோது, வெள்ளத்துக்கு எங்கே ஓடுவது என்று சொல்லித்தருவார்கள் என எண்ணிச் சிலர் வந்திருந்தார்கள். அது அனர்த்த முகாமைத்துவத்தின் வேலை. நேர்ந்துவிட்ட கேடு அனர்த்தம். நேரக்கூடிய கேடும் அதன் அளவும் இடர்நேர்வு. வணிக வகுப்புக்குப் பின்னையதே சரி, சொல் சற்று நீண்டாலும்.

இன்னொன்றும் பொருள்விளக்கத்தில் இடம்பெற வேண்டும். வழித்துணைவர் கடன் கொடுப்பவரும் அல்லர், கடனுக்குப் பிணை நிற்பவரும் அல்லர். கொப்பியில் கண்டதை வெளியே சொல்பவரும் அல்லர். நுண்கடன் குழுவில் ஒருவருக்கொருவர் பிணை நின்று நொந்த கிராமங்களில் துணை என்ற சொல்லைக் கேட்டவுடன் அந்த ஐயம் எழக்கூடும் என்பதால், முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பதிவேட்டின் அடுத்த பிரதியில் அந்த நிரலுக்கு ‘வழித்துணைவர் கையொப்பம்’ என்று தலைப்பிட்டோம். பெரியவர் அதன் கீழே ஒப்பமிட்டார்; தயிர்க்காரப் பெண் இன்னும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்.