தைராய்டு உள்ளவர்களின் வயிற்றுத் தொல்லைக்கு ஹோமியோபதி கேட்குமா?

ஹாஷிமோட்டோ தைராய்டு (நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) இருக்கிறவர்களில் நிறைய பேரை வயிறும் சேர்ந்தே படுத்தும். உப்புசம், மலச்சிக்கல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு முட்டிக்கொள்வது. "தைராய்டுக்கு இங்கிலீஷ் மருந்தே இருக்கட்டும், வயித்துக்கு ஹோமியோபதி பார்க்கலாமே, பக்கவிளைவு இல்லை" என்று யாராவது சொல்வார்கள், நமக்கும் சரி என்றுதான் தோன்றும்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும், மலச்சிக்கல் வரும். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. தைராய்டைத் தாக்குகிற அதே நோய் எதிர்ப்பு மண்டலம் சிலருக்கு இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களையும் தாக்குகிறது. பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சத் தேவையான புரதத்தைச் சுரப்பதும் இதே செல்கள்தான். அவை அழிய அழிய பி12 குறையும், இரும்புச்சத்து சரியாகச் சேராது, அப்புறம் தைராய்டு மாத்திரை கரைந்து உடலில் சேரவும் அமிலம் வேண்டும் என்பதால் அதுவும் ஓரளவு வீணாகும். டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் கூடும் அளவு) ஏறும், டோஸைக் கூட்டுவார்கள், வயிறு மட்டும் அப்படியே இருக்கும்.

ஹோமியோபதியில் 30சி என்றால், நூறில் ஒரு பங்காக 30 முறை அடுத்தடுத்து நீர்த்தது. 12 முறை தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் இது கேட்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-ல் அறிவித்தது.

அப்படியானால் சிலருக்குக் குணம் தெரிகிறதே? உப்புசம் தானாகவே ஏறி இறங்கும், ரொம்ப முடியாதபோதுதான் நாம் மருத்துவரைத் தேடிப் போகிறோம், அதன் பிறகு குறையத்தான் செய்யும். இன்னொன்று, காபி. ஹோமியோபதி மருத்துவர்கள் பலர் காபியை நிறுத்தச் சொல்வார்கள். தைராய்டு மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால் மருந்து உடலில் சேர்வது குறையும், அதனால் காபியை விட்டவருக்கு மாத்திரை முழுசாக வேலை செய்து குடலும் சீராகலாம். அவரோ வெள்ளை உருண்டையால் குணமானது என்றே நம்புவார்.

உருண்டையால் நேரடிக் கெடுதல் பெரும்பாலும் இல்லைதான், ஆனால் பி12 குறைபாட்டைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டால் நரம்பு பாதிக்கும், எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. தைராய்டு மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். டிஎஸ்எச், பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), சீலியாக் (கோதுமை சாப்பிட்டால் குடல் பாதிக்கும் நோய்) பரிசோதனைகள் எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எடை குறைந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ உடனே போங்கள். சீலியாக் பரிசோதனை முடியும்வரை கோதுமையை விட வேண்டாம், விட்டுவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.