புரொஜெக்டரை வாங்கி மாட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

வீட்டுக்குள் கோல்ஃப் ஆடப் புரொஜெக்டரை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. கொளத்தூரில் மாடி ஹால். 14 அடி அகலம், 20 அடி நீளம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிளியரிங் தொழில் செய்கிறவர், துபாயில் இருந்த காலத்தில் கோல்ஃப் பழகியவர். கேரம், பாக்ஸிங், ஃபுட்பால் என்று இருந்த நம் வடசென்னையில் இப்போது வீட்டுக்குள் கோல்ஃப் சிமுலேட்டர் (திரையில் மைதானப் படம் ஓட, அதைப் பார்த்து நிஜப் பந்தை அடிக்கிற அமைப்பு) போடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். கோல்ஃப் மைதானம் இருக்கிற நந்தனம் வரை போய்வர அரை நாள் ஆகிறது, வேறென்ன செய்வார்கள்? எனக்கும் வேலை கிடைக்கிறது, குறை சொல்லக் கூடாது.

போய்ப் பார்த்தால் எல்லாம் தயார். பந்தடி தாங்கும் திரை, மேட், சென்சார், ஆணியடித்து மாட்டிய புரொஜெக்டர். "அண்ணே, ஒரு ஷாட் அடிங்க" என்றேன். மட்டையைத் தூக்கினார். திரையில் பச்சைப் புல்வெளி நடுவே அவர் நிழலும் மட்டையைத் தூக்கியது. தலை, தோள், இரண்டு கை, எல்லாம் கறுப்பாக. அடிக்க வேண்டிய குழியே தெரியவில்லை.

"கீஸ்டோன் இருக்குல்ல தம்பி, அதுல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடேன்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆகவே இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டரைச் சாய்த்து வைத்தால் படம் ஒரு பக்கம் அகன்று, ஒரு பக்கம் குறுகிவிடும். கீஸ்டோன் பட்டனை அழுத்தினால் அது நேராகிவிட்டதாகத் தெரியும். உண்மையில் கருவி செய்வது என்ன? உள்ளே இருக்கும் சிப்பில் 1920-க்கு 1080 புள்ளிகள். அகன்ற பக்கத்தில் இருக்கிற புள்ளிகளில் ஒரு பங்கை அணைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் படத்தைச் சுருக்கித் திணிக்கிறது. அவ்வளவுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புள்ளிகள் சும்மா கிடக்கின்றன. அணைந்த புள்ளியும் முழுதாக அணையாது, படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், தெரியும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் லென்ஸிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் ஃபோகஸ் ஒன்றில் சரியானால் மற்றதில் மங்கும். அதைக் கீஸ்டோன் தொடக்கூட முடியாது. யார்டு கணக்கைக் காட்டும் பொடி எழுத்துகள் கொழகொழவென்று ஆவது இதனால்தான்.

நிலையைக் கோணலாக வைத்துவிட்டுக் கதவை இழைத்து இழைத்துப் பொருத்துகிற தச்சரை நீங்கள் வீட்டுக்குள் விடுவீர்களா? அதே வேலைதான் இது. லென்ஸ் ஷிஃப்ட் என்பது வேறு; அதில் லென்ஸே நகர்கிறது, புள்ளி எதுவும் போகாது. ஆனால் கிட்டத்திலிருந்து பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், நிழலுக்கும் கீஸ்டோனுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. வெளிச்சத்துக்கும் திரைக்கும் நடுவில் ஆள் நின்றால் நிழல் விழும். அதற்கு எந்தப் பட்டனும் கிடையாது.

அண்ணன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். படத்தின் அகலம் 10 அடி. அவர் வாங்கியது த்ரோ ரேஷியோ 1.5 உள்ள சாதாரண புரொஜெக்டர். அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் லென்ஸ் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும்: 15 அடி. பந்து வைக்கும் இடமோ திரையிலிருந்து 10 அடி. அதாவது புரொஜெக்டர் அவர் முதுகுக்கு 5 அடி பின்னால். குழாய் வைத்து இறக்கியதில் லென்ஸ் 8.5 அடி உயரத்தில் இருந்தது. படம் தரைவரை வரட்டும் என்று சாய்த்திருந்தார்கள். படத்தின் கீழ்விளிம்புக்குப் போகிற வெளிச்சம் அவர் நிற்கிற இடத்தைச் சுமார் 5 அடி 8 அங்குல உயரத்தில் கடக்கிறது. அவர் ஆறடி. மட்டையை வேறு தூக்குகிறார்.

ரேஷியோ 0.5 என்றால் அதே படத்துக்கு 5 அடி போதும். புரொஜெக்டர் ஆளுக்கும் திரைக்கும் நடுவில், தலைக்கு மேலே போய்விடும். நிழலும் போச்சு. 0.8 வாங்கினால் 8 அடி. அது பந்துக்கு 2 அடி முன்னால் தொங்கும், அடித்து முடிக்கிற வீச்சில் மட்டை அதைத் தொட்டாலும் தொடும். பந்துக்கு மேலே முன்னும் பின்னும் நான்கடிக்குள் எதுவும் தொங்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கிற சட்டம். ஒரு இன்ச் அளவுகூடக் கழிக்க மாட்டேன்.

"அப்படின்னா இன்னும் கிட்ட வைக்கிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ இன்னும் நல்லதுதானே?" தண்டையார்பேட்டையில் ஒரு தம்பி இப்படி யோசித்துத்தான் 0.25 ரேஷியோவில் ஒன்றை வாங்கித் திரைக்குக் கீழே தரையில் வைத்தார். டிவிக்குப் பதிலாக ஹாலில் வைக்க அருமையான பொருள். இங்கே? கோல்ஃப் பந்து 45 கிராம்தான், ஆனால் டிரைவர் என்கிற நீள மட்டையால் நன்றாக அடித்தால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும். திரையில் பட்டு விழுந்த பந்து நேராக அதன் கண்ணாடியில் இறங்கியது. பந்து படாமல் இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை: வெளிச்சம் அவ்வளவு சரிவாக ஏறும்போது திரைத்துணியில் ஒரு விரல் அளவு தொய்வு இருந்தாலும் படம் அலை அலையாக நெளியும். அடிபடுகிற திரையைச் சுவர்போல் விறைப்பாகக் கட்டவும் முடியாது, கட்டினால் பந்து உங்கள் மேலேயே திரும்பும். திரைக்குப் பின்னால் ஒரு அடியாவது காலி இடம் விடுங்கள்.

மாதவரத்து வீட்டின் கதை லூமென்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவு. ஆன்லைனில் '10000 லூமென்ஸ், 4கே சப்போர்ட்' என்று வாங்கியிருந்தார்கள். பெட்டியில் மூலையில் பொடி எழுத்தில் 250 ஆன்ஸி லூமென்ஸ், அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம். 10 அடிக்கு 6.25 அடி படம் என்பது 62.5 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு 4 லூமென்ஸ் விழுகிறது. சினிமா தியேட்டரில் இருட்டில் பார்க்கிற திரையின் வெளிச்சமே இதே கணக்கில் 14 வரும். நீங்களோ பந்தைப் பார்க்க மேட்டின் மேல் விளக்கு போட்டிருக்கிறீர்கள். ஆன்ஸி அல்லது ஐஎஸ்ஓ என்று போட்டு 3000-க்குக் குறையாமல் இருந்தால் வாங்குங்கள், 4000 இருந்தால் நல்லது. 'சப்போர்ட்' என்றால் 4கே சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், 4கே காட்டும் என்று அல்ல.

படத்தின் வடிவம் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 10 அடி அகலத்துக்கு 16:9 என்றால் உயரம் 5.6 அடி, 16:10 என்றால் 6.25, 4:3 என்றால் 7.5. திரை முழுக்க நிறைய வேண்டுமா, மேலே கீழே கறுப்பாக இருந்தால் பரவாயில்லையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இனி மாட்டுவது. ஃபேன் கொக்கியில் புரொஜெக்டரைத் தொங்கவிட்ட வீட்டையும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து வேண்டாம், அது ஊஞ்சல் மாதிரி ஆடும். பிஓபி சீலிங்கிலும் வேண்டாம். கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட், கூடவே ஒரு சேஃப்டி கம்பி. திருவொற்றியூர், காசிமேடு மாதிரிக் கடலோரம் என்றால் போல்ட்டும் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள், சாதா இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர், மணலி ரோட்டோரம் இருக்கிறவர்கள் ஃபில்டர் உள்ள மாடலானால் மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் ஒளிப்பகுதி மூடி சீல் செய்த லேசர் டிஎல்பி (பொடிக் கண்ணாடிகள் உள்ள சிப் வகை) வாங்குங்கள். லேசர் 20000 மணி நேரம் வரை உழைக்கும். லேம்ப் மாடலில் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருக்கும் ஃபேனும் நின்று லேம்ப் சூட்டிலேயே வேகும். பழைய லேம்ப் மாடல்தான் இருக்கிறது என்றால் சின்ன யூபிஎஸ் ஒன்று வையுங்கள்.

கொளத்தூர் அண்ணனிடம் டார்ச்சையும் ஒட்டடைக் கம்பையும் கேட்டேன். டார்ச்சைக் கம்பு நுனியில் கட்டித் திரைக்கு 5 அடி தள்ளி உயரத்தில் பிடித்துக்கொண்டு, டிரைவரை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். திரையில் நிழல் இல்லை. "அட" என்றார். இடது கைக்காரரான அவர் மருமகனையும் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் நின்று சுற்றவைத்தோம். மட்டை நுனி டார்ச்சைத் தொடவில்லை, ஆனால் பின்னால் இருந்த சீலிங் ஃபேன் இறக்கையில் டங்கென்று பட்டது. ஃபேனை அன்றைக்கே கழற்றிவிட்டுச் சுவரில் ஒன்று மாட்டினோம். பழைய புரொஜெக்டர் அவர் மச்சான் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது, ஐபிஎல் பார்க்க.

இந்த டார்ச் சோதனைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அதைச் செய்துவிட்டு ஹாலின் நீள அகல உயரம், பீம் இருந்தால் அதன் அடிப்பகுதி உயரம், திரையிலிருந்து பந்து வரை உள்ள தூரம், ஆடுகிறவர்களில் உயரமானவரின் உயரம், இடது கைக்காரர் உண்டா என்று எழுதி அனுப்புங்கள். எந்த மாடல் என்று நான் சொல்கிறேன். அதுவரைக்கும் பில் போட வேண்டாம்.