நடுவுல ஒரு டேபிள் எதுக்கு?

ஒரு புத்தகத்த மூணு பேர் சேர்ந்து எழுதலாம், ஒரே ஆள் பத்து புத்தகமும் எழுதலாம். இத டேட்டாபேஸ்ல வைக்கணும்னா நெறய பேர் முதல்ல பண்றது, புத்தக டேபிள்லயே ஒரு ஃபீல்டு போட்டு 12,21,31ன்னு எழுத்தாளர் ஐடிய கமா போட்டு அடுக்குறதுதான். தயவுசெஞ்சு வேணாம். நாளைக்கு 1ஆம் நம்பர் எழுத்தாளர் என்னென்ன எழுதியிருக்கார்னு லைக் (LIKE, ஒரு துண்டு உள்ள எங்கயாவது இருக்கான்னு பாக்குற தேடல்) போட்டு தேடினா இந்த புத்தகமும் வந்து நிக்கும், ஏன்னா 12லயும் ஒரு 1 இருக்கு. ஒரு கட்டத்துக்குள்ள ஒரு மதிப்புதான் இருக்கணும்னு டேட்டாவ டேபிள் டேபிளா வைக்குற ரிலேஷனல் மாடல முன்வச்ச எட்கர் காட், 1970லயே அந்த கட்டுரையில வலியுறுத்தினது சும்மா இல்ல.

அதனால புத்தக டேபிளுக்கும் எழுத்தாளர் டேபிளுக்கும் நடுவுல மூணாவதா ஒரு லிங்க் டேபிள். அதுல ரெண்டே ஃபீல்டு, புத்தக ஐடி, எழுத்தாளர் ஐடி. 5,12ன்னு ஒரு ரோ (வரிசை) இருந்தா 5ஆம் புத்தகத்த 12ஆம் ஆள் எழுதினார், அவ்ளோதான் அர்த்தம். ரெண்டையும் சேர்த்தே பிரைமரி கீ (ஒரு ரோவ தனியா அடையாளம் காட்டுறது) ஆக்கிட்டா அதே ஜோடி மறுபடி உள்ள வராது, ஃபாரின் கீயும் (இந்த ஐடி அந்த டேபிள்ல இருந்தே ஆகணும்ங்கற கட்டுப்பாடு) போட்டுட்டா இல்லாத ஆளோட ஐடிய சேர்க்கவே விடாது.

டேட்டாவ எடுக்கும்போது ரெண்டு ஜாயின், அதாவது ஐடி பொருந்துற ரோக்கள பக்கத்துல ஒட்டுறது. புத்தகத்துலேருந்து லிங்க்குக்கு, லிங்க்லேருந்து எழுத்தாளருக்கு. எழுத்தாளர் பதியாத புத்தகமும் லிஸ்ட்ல வரணும்னா ரெண்டுமே லெஃப்ட் ஜாயினா (ஜோடி கிடைக்காட்டியும் இடது பக்க ரோவ விடாம வைக்குறது) இருக்கணும், முதல்ல மட்டும் லெஃப்ட் போட்டுட்டு ரெண்டாவத சாதா ஜாயினா விட்டா அந்த புத்தகம் அங்க விழுந்துரும், லிங்க் இல்லாத இடத்துல வர்ற நல் (NULL, மதிப்பே இல்லன்னு அர்த்தம்) எதுக்கும் சமம் ஆகாதுல்ல.

உண்மையான சிக்கல் ரெண்டாவது லிங்க் டேபிள் வரும்போதுதான். புத்தகத்துக்கு நாவல், வரலாறுன்னு வகை சொல்ற டேக் இருக்கு, அதுக்கும் ஒரு லிங்க் டேபிள் இருக்குன்னு வைங்க. 2 எழுத்தாளர், 3 டேக் உள்ள ஒரு புத்தகத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே குவெரில (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வில) ஜாயின் பண்ணா 5 ரோ இல்ல, 6 ரோ வரும், ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒவ்வொரு டேக்கும் ஜோடி சேரும். அந்த புத்தகம் 200 பக்கம்னா பக்கங்கள கூட்டுற சம் (SUM) 1200ன்னு காட்டும், எர்ரரும் வராது, அதான் பயமே. எழுத்தாளர் எண்ணிக்கைக்கு கவுண்ட்ல (COUNT) டிஸ்டிங்க்ட் (DISTINCT, ஒரே மதிப்ப ஒரு தடவ மட்டும் எடுக்குறது) போட்டு தப்பிக்கலாம், ஆனா பக்கத்துக்கு சம் டிஸ்டிங்க்ட் போட்டா 200 பக்கம் உள்ள இன்னொரு புத்தகத்தயும் சேர்த்து ஒரே தடவதான் கூட்டும். அதனால ஒவ்வொரு லிங்க் டேபிளையும் தனித்தனி சப்குவெரில (குவெரிக்குள்ள இருக்குற குட்டி குவெரில) புத்தக ஐடி வாரியா குரூப் பண்ணி, ஒரு புத்தகத்துக்கு ஒரு ரோன்னு ஆக்கிட்டு, அதுக்கப்புறம் ஜாயின் பண்ணுங்க.