விஸ்கி: தண்ணீரிலிருந்து நாட்படு தேறல் வரை

பேச்சுத்தமிழில் ‘தண்ணி’ என்ற சொல் குடிநீரைக் குறிக்கிறதா, மதுவைக் குறிக்கிறதா என்பதை அதன்பின் வரும் வினைச்சொல்தான் முடிவு செய்கிறது. ‘குடித்தான்’ என்றால் தாகம். ‘அடித்தான்’ என்றால் போதை. இதைத் தமிழுக்கே உரிய குறும்பு என்று நெடுநாள் எண்ணியிருந்த எனக்கு, விஸ்கி என்னும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றபோது வியப்பே எஞ்சியது. அச்சொல்லின் நேர்ப்பொருளும் தண்ணீர்தான்.

ஐரிஷ் மொழியில் ‘இஷ்க பஹ’ என்றும், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘உஷ்கெ பெஹ’ என்றும் ஒலிக்கும் சொற்றொடரே விஸ்கியின் மூலம். முதற்பகுதி நீரையும் இரண்டாம் பகுதி உயிரையும் குறிப்பதால், ‘உயிர்நீர்’ என்று அதைத் தமிழாக்கலாம். இதுவும் அம்மொழிகளில் தானே பிறந்த தொடரன்று. இடைக்கால ஐரோப்பாவில் வடித்தெடுத்த மதுவைக் குறிக்க வழங்கிய ‘அக்வா வீட்டே’ என்னும் லத்தீன் தொடரின் சொல்லுக்குச் சொல்லான மொழிபெயர்ப்பு அது. அதே லத்தீன் தொடரைப் பிரெஞ்சுக்காரர் ‘ஓ து வீ’ என்று மொழிபெயர்த்துக்கொண்டனர். ஸ்காண்டிநேவியர் ‘அக்வாவிட்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் நாவில் கேலிக் தொடர் ‘அஸ்குவிபா’ என்றும் வேறு பலவாறும் சிதைந்து, பின்பு வால் அறுந்து ‘விஸ்கி’ என நின்றது. உயிர் உதிர்ந்து நீர் மட்டும் மிஞ்சிய சொல் இது. ரஷ்யரின் வோட்காவும் நீரைக் குறிக்கும் ‘வதா’ என்பதன் குறுமை வடிவமே.

இங்கே சிறிது விலகிச் செல்ல வேண்டியிருக்கிறது. ‘இஷ்க’ என்பதும், ஆங்கில ‘வாட்டர்’, ரஷ்ய ‘வதா’, சமஸ்கிருத ‘உதகம்’ ஆகியனவும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ‘பஹ’ என்பதோ லத்தீன் ‘வீட்டா’, சமஸ்கிருத ‘ஜீவ’ ஆகியவற்றின் உறவுச்சொல். உதகத்தையும் சீவனையும் தமிழ் கடனாகப் பெற்று வழங்கிவருவதால், விஸ்கியின் இரு வேர்களும், திரிந்த உருவிலேனும், தமிழர் நாவுக்கு முன்பே பழக்கமானவை.

எழுத்துச் சான்றுகளில், அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்பு ஒன்று 1405ஆம் ஆண்டில் குடித்தலைவர் ஒருவர் கிறிஸ்துமஸ் நாளில் அக்வா வீட்டேயை அளவுமீறிக் குடித்து இறந்ததைப் பதிவு செய்கிறது. அது அவருக்கு உயிர்நீராக அமையாமல் சாநீராக அமைந்தது என்ற சிலேடையும் அக்குறிப்பிலேயே உண்டு. ஸ்காட்லாந்தின் 1494ஆம் ஆண்டு அரச கணக்கேட்டில், அக்வா வீட்டே செய்வதற்காகத் துறவி ஜான் கோர் என்பவருக்கு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், வழங்கப்பட்ட செய்தி இருக்கிறது. சுவை நோக்கில் எனக்கு இவ்விரண்டையும் விட முக்கியமானது, 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி தரும் விளக்கம். அஸ்குவிபாவில் அயர்லாந்து வகை இனிமையும் மென்மையும் உடையது என்றும், ஸ்காட்லாந்து மலைநாட்டு வகை அதனினும் கடுமையானது என்றும் குறிக்கும் அவ்வகராதி, ஸ்காட்லாந்தினர் அச்சொல்லைச் சிதைத்து விஸ்கி என்பர் என முடிக்கிறது. அகராதிப் பதிவிலேயே சுவை வேறுபாடு பேசப்பட்டுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இரு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஸ்காட்லாந்து, கனடா, ஜப்பான் ஆகியவை குறுகிய வடிவத்தையும், அயர்லாந்தும் பெரும்பாலான அமெரிக்க வடியாலைகளும் ஓர் எழுத்து மிகுந்த வடிவத்தையும் ஆள்கின்றன. தமிழில் இரண்டும் விஸ்கியே. அதனால் இழப்பொன்றும் இல்லை.

இழப்பு நேர்வது வேறிடத்தில். ‘நீர்’ என்று மட்டும் சொல்லும் பெயர், புட்டிக்குள் இருப்பதன் சுவையைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. அதைத் தெரிவிப்பவை பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழிகள். அவற்றைத்தான் நாம் அடிக்கடி தவறாகப் பெயர்க்கிறோம். ‘சிங்கிள் மால்ட்’ என்பதை ‘ஒற்றை மால்ட்’ என்று எழுதினால், ஒரே பீப்பாயில் விளைந்தது போலவோ ஒரே முறை வடித்தது போலவோ பொருள்படுகிறது. ஸ்காட்லாந்து விஸ்கிக்கான சட்டப்படி அத்தொடரின் பொருள், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே கொண்டு ஒரே வடியாலையில் வடித்தெடுக்கப்பட்டது என்பதாகும். அவ்வாலையின் நூற்றுக்கணக்கான பீப்பாய்களை ஒன்றாகச் சேர்த்தாலும் அது சிங்கிள் மால்ட்டே. ‘சிங்கிள் கிரெய்ன்’ என்பதை ‘ஒற்றைத் தானியம்’ என்று பெயர்ப்பது இதனினும் பெரிய பிழை, ஏனெனில் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட தானியங்கள் கலந்திருக்கலாம். ‘சிங்கிள்’ அங்கேயும் ஆலையின் எண்ணிக்கையே. ஆகவே ‘ஓராலை மால்ட்’, ‘ஓராலைத் தானிய விஸ்கி’ என்பனவே பொருத்தமான வடிவங்கள் என்பது என் கருத்து. புட்டியின்மீது 12 என்றோ 18 என்றோ காணும் எண்ணும் சராசரி வயதன்று. உள்ளே கலந்தவற்றுள் மிக இளையதன் வயது.

இந்த அடைமொழிகளை அறிந்துகொள்வது மொழிப்பயிற்சி மட்டுமன்று. தனக்கு எது பிடிக்கும் என்பதைத் தேடுகிறவருக்கு, விலையையும் புகழையும் விட அவையே நம்பகமான வழிகாட்டிகள். போர்பன் என்னும் அமெரிக்க மக்காச்சோள விஸ்கியைக் கரிபடச் சுட்ட புதிய ஓக் மரக் கொள்கலத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட அப்பீப்பாய்கள் பெருந்தொகையாக ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அவற்றில் விளைந்த விஸ்கியில் வனிலா மணமும் தேங்காயை ஒத்த மணமும் தோன்றுவதற்கு ஓக் மரத்தின் வேதிப்பொருள்களே காரணம். ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் ஊறிய ஐரோப்பிய ஓக் பீப்பாயோ உலர்ந்த பழத்தின் செறிவையும் துவர்ப்பையும் தருகிறது. துவர்ப்பைத் தனிச்சுவையாக எண்ணி ஆறனுள் ஒன்றாக வைத்த மொழி தமிழ். ஆகவே மரத்தின் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் நாவில் இழுத்துப் பிடிப்பதைச் சொல்ல நமக்குச் சுற்றிவளைத்த விளக்கம் தேவைப்படாது. கம்பு வகையைச் சேர்ந்ததன்று எனினும் சில அகராதிகள் அவ்வாறு மயங்கும் ‘ரை’ என்னும் தானியம், விஸ்கிக்கு மிளகை நினைவூட்டும் காரத்தைக் கொடுக்கிறது. நீர் சேர்த்துக் குறைக்காமல் பீப்பாயின் வலிமையிலேயே அடைக்கப்பட்டது தொண்டையில் ஏற்படுத்துவதைக் ‘கடுப்பு’ எனலாம். அச்சொல்லுக்கு மீண்டும் வருவேன்.

புகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மட்கிச் செறிந்து உருவாகும் ‘பீட்’ என்னும் கரியை எரித்து, முளைத்த வாற்கோதுமையை அப்புகையில் உலர்த்தும்போது ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் படிகின்றன. ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகவூலின் ஆகிய வடியாலைகளின் புகழ் இதனால் அமைந்தது. ஆயினும் ‘ஐலா’ என்ற ஊர்ப்பெயரைக் கண்டவுடன் புகையை எதிர்பார்ப்பது தவறு. அதே தீவின் புன்னஹாவென் ஆலையின் வழக்கமான பன்னிரண்டாண்டு விஸ்கி புகையூட்டப்படாதது. புகையூட்டிய வகையை நான் முதன்முதல் சுவைத்தபோது, மருத்துவமனைத் தரையைக் கழுவிய நீரின் வாடை என்றே தோன்றியது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பின், சில துளி நீர் சேர்த்துக் குடித்தபோது அதே புகைக்கு அடியில் உப்பும் தேனும் இருப்பது புலப்பட்டது. இது வெறும் மனமயக்கமன்று. புகைமணம் தரும் குவாயகால் என்னும் சேர்மம், ஆல்கஹாலின் விகிதம் குறையும்போது நீர்மத்தின் மேற்பரப்பில் மிகுதியாகத் தங்குகிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017இல் கணினி மாதிரியின் வழியே காட்டினர். புதிய புட்டியைத் தேர்பவர், தனக்குப் பிடித்த ஒன்றிலிருந்து தொடங்கி, தானியம், புகை, பீப்பாய், வலிமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால், பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ காரணம் விளங்காது.

இனித் தமிழ் நிகரன். ‘சாராயம்’ என்பது வடித்தெடுத்த மதுவுக்கு இன்று வழங்கும் சொல்லாதலால் பொருளளவில் பொருந்தும். ஆனால் தானியத்தையோ முதிர்ச்சியையோ அது சுட்டுவதில்லை. கள், நறவு ஆகியவை புளிக்கவைத்தவை, வடித்தவை அல்ல. ‘தேறல்’ என்பது தெளிதலைக் குறிக்கும் ‘தேறு’ என்னும் வினையிலிருந்து வந்தது. தெளிந்த மது என்பது அதன் பொருள். சங்க காலத் தேறலும் புளிக்கவைத்துத் தெளித்ததுதான் என்பதால், அதை அப்படியே விஸ்கி என்று உரைப்பது வரலாற்றுப் பிழையாகும். எனினும் பழைய சொல்லுக்குப் புதிய பொருளை ஏற்றுவது மொழியில் இயல்பே. ஔவையார் பாடிய புறநானூற்று 392ஆம் பாட்டில் ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’ என்று வருகிறது: தேள் கொட்டினாற்போன்ற கடுப்புடைய, பல நாள் முதிர்ந்த தேறல். கடுப்பையும் முதிர்ச்சியையும் ஒரே அடியில் வைத்த இத்தொடரை விட விஸ்கிக்கு நெருங்கிய ஒன்றை நான் கண்டதில்லை. மூங்கிற் குழாயில் நெடுநாள் விளையவிட்ட தேறலையும் பழம்பாடல்கள் பேசுவதால், மரக் கொள்கலத்தில் மது முதிர்வது என்ற கருத்தும் தமிழுக்குப் புதிதன்று.

வடிகலத்துக்கு நம்மிடம் ‘வாலை’ என்ற சொல் உண்டு. வாலை வடிநீர் என்று பாடநூல்கள் எழுதுவது அதனால்தான். ஆகவே வடித்த மது அனைத்துக்கும் ‘வாலைத்தேறல்’ என்றும், விஸ்கிக்கு ‘தானிய நாட்படுதேறல்’ என்றும் கலைச்சொல் அமைக்கலாம். அன்றாட எழுத்தில் ‘விஸ்கி’ என்றே இருக்கட்டும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மரப்பீப்பாயில் மூன்றாண்டு நிறையாததை விஸ்கி என்று விற்கச் சட்டம் இடம் தராது. நம் சொல்லிலும் அது ‘நாட்படு’ என்னும் அடையை இழந்து வெறும் தானியத் தேறலாக நிற்கும். இடர்ப்பாடு போர்பனில்தான் வருகிறது. குறைந்தது இரண்டாண்டு என்னும் வரையறை அங்கே ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற அடை பெற்றதற்கு மட்டுமே உரியது. அவ்வடை இல்லாத போர்பனுக்கு ஆண்டுக்கணக்கு ஏதும் விதிக்கப்படவில்லை. அதை நாட்படுதேறல் என்பதா, தேறல் என்பதா என்பதைப் புட்டியைத் திறந்து சுவைத்தவரே முடிவு செய்துகொள்ளலாம்.