குழாய்க்குள் தொலையும் திறமை: லுக்அவுட் மலையின் குட்டி கோல்ஃப்

அமெரிக்காவில் ஜார்ஜியாவும் டென்னசியும் சந்திக்கும் எல்லையில், சட்டனூகா நகரத்துக்கு மேலே லுக்அவுட் மலை இருக்கிறது. 1920-களில் கார்னெட் கார்ட்டர் என்ற ரியல் எஸ்டேட்காரர் அந்த மலைமேல் ‘ஃபேரிலேண்ட்’ என்ற பெயரில் ஒரு குடியிருப்பையும் விடுதியையும் எழுப்பினார். அவர் மனைவி ஃப்ரீடாவுக்கு ஐரோப்பிய தேவதைக் கதைகள் என்றால் கொள்ளைப் பிரியம். அங்கே தெருக்களுக்குக்கூட சிண்ட்ரெல்லா, ரெட் ரைடிங் ஹூட் என்றுதான் பெயர். பெரிய கோல்ஃப் மைதானம் தயாராக நாளாகும் என்பதால், அதுவரை விருந்தினர்கள் பொழுதைப் போக்கட்டும் என்று ஒரு குட்டி மைதானம் போட்டார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். 1927-ல் வந்த அந்த மைதானத்துக்கு ‘டாம் தம்ப் கோல்ஃப்’ என்று பெயர். தாடி வைத்த குள்ளர் பொம்மைகள், உள்ளே குடைந்த மரக்கட்டைகள், பாறைகள், குழாய்கள் இவற்றுக்கு நடுவே பந்தை உருட்டிக் குழியில் தள்ள வேண்டும். அந்த மைதானம் இன்று இல்லை.

குள்ளர்களும் தேவதைகளும் வெறும் அலங்காரம். உண்மையான சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத ஒருவரும், பல வருடம் ஆடிப் பழகிய ஒருவரும் ஒரே தடத்தில் ஆடினால், யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியக்கூடாது. அப்படி ஒரு தடத்தை அமைப்பது எப்படி?

முதலில் தரை. புல்தரை என்றால் தினமும் தண்ணீர் விட வேண்டும், அடிக்கடி வெட்ட வேண்டும். நூறு பேர் மிதித்தால் வழுக்கை விழுந்துவிடும். இதற்கு விடை மெக்சிகோவில் கிடைத்தது. தாமஸ் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயர், வறண்ட மண்ணில் புல் வராத எரிச்சலில், 1922 வாக்கில் பருத்திக்கொட்டையின் தோலை மணலோடும் எண்ணெயோடும் கலந்து, பச்சைச் சாயம் போட்டு, மணல் படுகை மேல் அழுத்திப் பரப்பினார். கொட்டைத் தோலில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எண்ணெய் தூசி பறக்காமல் பிடித்துவைத்தது. கார்ட்டரின் மைதானங்களிலும் இந்தத் தரைதான். வெயில் வேண்டாம், மண் வேண்டாம் என்றானதும் மைதானம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் அல்லவா? நியூயார்க்கில் கட்டட மொட்டைமாடிகளுக்கே ஏறிவிட்டது. 1930-ல் அமெரிக்கா முழுக்க 25,000-க்கும் மேற்பட்ட மினி கோல்ஃப் தடங்கள் இருந்ததாக அக்கால மதிப்பீடுகள் சொல்கின்றன. பொருளாதாரப் பெருமந்தத்தில் கையில் காசில்லாத ஜனங்களுக்குச் சில சில்லறையில் ஒரு மாலைப் பொழுது கழிந்தது. அந்த மோகம் ஓரிரு வருடத்திலேயே வடிந்தது வேறு விஷயம்.

சரி, அந்தத் தரையில் பந்து ஏன் நிற்கிறது? உருளும் பந்து தனக்கு முன்னால் இருக்கும் இழைகளை நசுக்கிக்கொண்டே போகிறது. பின்னால் அவை நிமிரும்போது பந்தைக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. ஆனால் நசுக்கச் செலவான ஆற்றல் முழுசாகத் திரும்புவதில்லை. அந்தக் குறைதான் பந்தை மெல்ல மெல்ல நிறுத்துகிறது. தரை சீராக இருந்தால் இந்தத் தடையும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அப்போது பந்து போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நன்றாக வெட்டிய கோல்ஃப் புல்தரையில் விநாடிக்கு 1.83 மீட்டரில் கிளம்பும் பந்து சுமார் 3 மீட்டர் போய் நிற்கும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் தூரம் 21 சதவீதம் கூடிவிடும். ‘லேசாத்தானே தட்டினேன்’ என்று ஆட்டக்காரர்கள் புலம்புவது இதனால்தான்.

அடுத்து குழி. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் ஆரம் 21 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பந்தின் நடுப்புள்ளி குழியின் விளிம்பைத் தாண்டியதும் பந்து கீழே இறங்கத் தொடங்குகிறது. எதிர் விளிம்பை அடைவதற்குள் குறைந்தது தன் ஆரத்தின் அளவுக்காவது இறங்கியாக வேண்டும். புவியீர்ப்பு அந்த 21 மில்லிமீட்டரை இறக்க 0.066 விநாடி எடுக்கும். அதற்குள் பந்து கடக்கும் இடைவெளி சுமார் 87 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் விநாடிக்கு 1.3 மீட்டர் வருகிறது. நேர் நடுவில் வரும் பந்துக்கே இதுதான் வரம்பு. அதைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தால் பின்சுவரில் முட்டி, எகிறி, அதிர்ஷ்டம் இருந்தால் விழும். ஓரமாக வந்தால் வரம்பு இன்னும் குறைவு.

ஆக, ஆட்டக்காரர் செய்யக்கூடிய பிழைகள் இரண்டே இரண்டு: திசையில் பிழை, வேகத்தில் பிழை. 2 மீட்டர் தள்ளியிருக்கும் குழிக்கு, மெதுவான பந்தானாலும் ஒன்றரை டிகிரிக்கு மேல் விலகக்கூடாது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் வித்தியாசம் தெரிவது இந்த ஒன்றரை டிகிரியில்தான்.

குடைந்த மரக்கட்டையும் குழாயும் அந்த வித்தியாசத்தைத்தான் அழிக்கின்றன. குழிக்குப் பதிலாக அதே தூரத்தில் 20 செ.மீ. வாயுள்ள ஒரு குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தின் ஆரத்தைக் கழித்துவிட்டாலும் இப்போது 2 டிகிரிக்குச் சற்று மேல் வரை தப்பலாம். எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் பந்து மறுமுனையில் குழாய் காட்டும் பக்கம்தான் வரும். கில்லாடியின் துல்லியம் அங்கே வீண். ஆனால் குழாய் முழுக்க மன்னித்துவிடுவதும் இல்லை. கோணலாக நுழைந்த பந்து உள்ளே சுவருக்குச் சுவர் மோதி வேகத்தை இழக்கிறது. அதாவது திசைப் பிழை வேகப் பிழையாக உருமாறி வெளியே வருகிறது. நேராக அடித்தவரின் பந்து குழியைத் தாண்டி ஓட, கோணலாக அடித்தவருடையது நயமாக உருண்டு குழியில் விழுந்த கதையெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த அநியாயம் இதுதான்.

திசையைக் காப்பாற்றியாயிற்று; வேகத்தைச் சோதிக்க மேடு இருக்கிறது. 30 செ.மீ. உயரத் திட்டின் உச்சியில் குழி என்று கொள்வோம். உருளும் பந்தின் ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சியில் இருக்கிறது. ஏறும்போது அதுவும் சேர்ந்து உதவும். அதையும் கணக்கில் எடுத்தால், உச்சியைத் தொடவே அடிவாரத்தில் விநாடிக்கு 2.05 மீட்டர் வேகம் வேண்டும். உச்சியில் 1.3-க்கு மேல் மிஞ்சக் கூடாது என்றால், அடிவாரத்தில் 2.43-ஐத் தாண்டக் கூடாது. தரையின் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. சமதரையில் 0 முதல் 1.3 வரை விரிந்திருந்த வாய்ப்பு இங்கே 0.38-ஆகச் சுருங்கிவிட்டது. கொஞ்சம் குறைந்தால் பந்து காலடிக்கே திரும்பி வரும். கொஞ்சம் கூடினால் மறுபக்கம் போய்விடும்.

அப்புறம் பக்கச் சுவர். கேரம் ஆடியவர்கள் ரீபவுண்ட் கோணம் தெரிந்தவர்கள். அதே நினைப்பில் இங்கே அடித்தால் பந்து வேறெங்கோ போகும். கேரம் ஸ்ட்ரைக்கர் பவுடர் போட்ட பலகையில் வழுக்குகிறது, கோல்ஃப் பந்து உருள்கிறது. மோதலில் சுவரை நோக்கிய வேகத்தில் ஒரு பகுதி தொலைகிறது. சுவரை ஒட்டிய வேகம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சுவரை நோக்கிய வேகத்தில் 70 சதவீதம்தான் திரும்பும் என்றால், சுவரோடு 45 டிகிரியில் வந்த பந்து 35 டிகிரியில் வெளியேறும். அதோடு முடியவில்லை. மோதிய பிறகும் பந்தின் சுழற்சியில் பெரும்பகுதி சுவரை நோக்கியே இருக்கிறது. அது தரையைப் பிடித்துப் பந்தை மறுபடி சுவர்ப்பக்கம் இழுக்க, பாதை இன்னும் சாய்கிறது. அதனால் கேரம் கணக்கு காட்டும் புள்ளியைவிடச் சற்று முன்னாலேயே சுவரில் மோத விட வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மட்டை பட்டதும் பந்து உடனே உருளத் தொடங்குவதில்லை. கொஞ்ச தூரம் சறுக்கி, வேகம் ஏழில் ஐந்து பங்காகக் குறைந்த பிறகுதான் சுத்தமாக உருள்கிறது. பலமாக அடித்தால் சறுக்கல் முடிவதற்குள் பந்து சுவரைத் தொட்டுவிடும். சுழற்சி குறைவு, கோணம் கேரம் கணக்குக்குக் கொஞ்சம் அருகில் வரும். ஆனால் அவ்வளவு பலமாக அடித்த பந்து குழிக்கு வரும்போது 1.3-க்குள் இறங்கியிருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.