டெங்கு ஊசியும் தோட்டத்துப் பிள்ளைகளும்: முதலில் கேட்கவேண்டிய கேள்வி

"பிலிப்பைன்ஸ்ல டெங்கு ஊசி போட்ட புள்ளைங்களுக்கு ஆபத்தாச்சாமே?" என்று கேட்கும் தாயிடம், அதெல்லாம் வதந்தி என்று சொல்லி அனுப்பிவிடுவது பிழை. அங்கே 2016 ஏப்ரலில் பாடசாலைகளில் டெங்வாக்சியா ஊசி போடத் தொடங்கினார்கள். ஆறு மாத இடைவெளியில் மூன்று முறை. 8 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட்டபின், 2017 நவம்பரில் தயாரிப்பாளரான சனோஃபி நிறுவனமே உண்மையைச் சொன்னது: முன்பு டெங்கு வராதவருக்கு இந்த ஊசி போட்டால், பிறகு வரும் டெங்கு கடுமையாகலாம்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. வேறு வகை தொற்றும்போது, முதல் டெங்குவை எதிர்க்க உடல் உருவாக்கிய பழைய பிறபொருளெதிரிகள் அதை அரைகுறையாகப் பிடிக்கும். அழிக்காது, கலத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும். இரண்டாவது டெங்கு பொல்லாததாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். டெங்குவே வராத பிள்ளைக்கு அந்த ஊசி முதல் டெங்குபோல அமைந்தது. ஏற்கெனவே வந்த பிள்ளையை அதே ஊசி காத்தது. வராதவர்களில் ஆயிரம் பேருக்குப் போட்டால் ஐந்து வருடத்தில் கூடுதலாக இரண்டு பேருக்குக் கடும் டெங்கு வரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. சிறிய எண்தான். ஆனால் ஊசி போடுமுன் யாரும் பெற்றோருக்கு அதைச் சொல்லவில்லையே!

தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் அங்கே 2015இல் நூற்றுக்கு 93 பேர். 2018இல் 32 பேர். 2019இல் சின்னமுத்து பெருமளவில் பரவியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் ஒரு ஊசியின் மீதான பயம் எல்லா ஊசிக்கும் தொற்றிக்கொண்டது.

நம் இலங்கையின் தேசிய தடுப்பூசி அட்டவணையில் டெங்கு ஊசி இல்லை. ஒன்பதாம் மாதம் போடுவது சின்னமுத்து அடங்கிய எம்.எம்.ஆர்., ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி. இவற்றை டெங்கு ஊசி என்று நினைத்து மறுக்கவேண்டாம்.

இப்போது பேசப்படும் கியூடெங்கா வேறொரு டெங்கு ஊசி: மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை. அதன் பெரிய ஆய்வு நடந்த எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. டெங்கு வராதவர்களை மூன்றாம், நான்காம் வகைகளிலிருந்து அது காக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகவே பரவல் அதிகமுள்ள இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மலையகம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. கண்டி, மாத்தளைப் பக்கம் டெங்கு கூட. நுவரெலியாக் குளிரில் குறைவு. ஒரே லயத்து வீட்டில், கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணனுக்கு டெங்கு வந்திருக்கும், தோட்டத்தை விட்டு வெளியே போகாத தங்கைக்கு வந்திருக்காது. எந்த ஊசியைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி அதுதான்: முன்பு வந்ததா?

"வந்திச்சு" என்ற வாய்ப்பேச்சு போதாது. 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதிய துண்டும் சான்றில்லை. காய்ச்சலின் முதல் நாட்களில் எடுத்த, இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையின் பொசிட்டிவ் முடிவு நல்ல சான்று. பிறகு எடுக்கும், பிறபொருளெதிரிகளைத் தேடும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை சிலவேளை ஏமாற்றும்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் டெங்குவும் ஒரே குடும்பம் என்பதால் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டவருக்கும் பொசிட்டிவ் காட்டலாம். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் காட்டையும் இரத்த ரிப்போட்டுகளையும், கூரை ஒழுகாத இடத்தில், பொலித்தீன் உறைக்குள், பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு வையுங்கள்.