செயலி ஒன்றுதான், ஆட்டம் மட்டும் மந்தம்

1984இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464, இரண்டு ஆண்டு மூத்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரமைவிட வசதியான கணினி. 27 நிறங்களிலிருந்து வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டுக்கும் மூளை ஒரே இசட்80 செயலிதான். அப்படியிருந்தும் ஸ்பெக்ட்ரமிலிருந்து ஆம்ஸ்ட்ராடுக்கு மாற்றப்பட்ட ஆட்டங்கள் பல, நான்கே நிறங்களுடன், அசலைவிட மந்தமாக ஓடின. ஏன்?

ஸ்பெக்ட்ரமின் திரையில் 256 x 192 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட்; அது எரிகிறதா இல்லையா என்பது மட்டுமே அதில் இருக்கும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் மொத்தம் 6,144 பைட். நிறக்கணக்கு தனி. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பைட்: முன்நிறத்துக்கு மூன்று பிட், பின்நிறத்துக்கு மூன்று, பிரகாசத்துக்கு ஒன்று, மினுக்கலுக்கு ஒன்று. ஆகவே ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்குமேல் இடமில்லை. சிவப்பு வீரன் பச்சை மரத்தை உரசிக்கொண்டு போனால், அவன் நிற்கும் கட்டத்தில் உள்ள இலைகளும் சிவந்துவிடும். 1984இல் வெளிவந்த ‘நைட் லோர்’ ஆட்டத்தில் அறைக்கு ஒரே நிறம் என்று வைத்து இந்தத் தொல்லையையே ஒழித்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான சரணாகதி!

ஆம்ஸ்ட்ராடில் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே சுமக்கிறது. நிறம் கலங்காது, ஆனால் சுமை கூடுகிறது. நான்கு நிறங்களுக்குப் புள்ளிக்கு இரண்டு பிட், பதினாறு நிறங்களுக்கு நான்கு பிட். திரையை ஸ்பெக்ட்ரம் அளவுக்குச் சுருக்கி, நான்கு நிறங்களோடு நிறுத்திக்கொண்டாலும் 12,288 பைட், அதாவது சரியாக இரு மடங்கு. அத்தனையையும் நகர்த்த வேண்டியது செயலிதான். அதன் வேகம் 4 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்பட்டாலும், நினைவகத்தைத் திரையைக் காட்டும் மின்சுற்றுடன் பங்கிட்டுக்கொள்வதால் கைக்கு வருவது ஏறத்தாழ 3.3. ஸ்பெக்ட்ரமின் 3.5 மெகாஹெர்ட்ஸைவிட அது சற்றுக் குறைவுதான்.

இதோடு ஒரு சபலமும் சேர்ந்துகொண்டது. செயலி ஒன்றே என்பதால் ஆட்டத்தின் நிரலை அப்படியே எடுத்துவைத்து, திரையில் வரையும் பகுதியை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. படங்களைப் புதிதாக வரையக்கூடச் சிலர் மெனக்கெடவில்லை. ஸ்பெக்ட்ரமின் ஒரு பைட்டை வரையும் நேரத்திலேயே இரண்டு பைட்டாக விரித்துத் திரையில் போட்டார்கள்.

கமடோர் 64 கணினியில் இந்தக் குறுக்குவழிக்கு இடமில்லை. அதன் செயலி 6510. இசட்80 நிரல் அதற்குப் புரியாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதியாக வேண்டும். எழுதும்போது திரையைக் கவனிக்கும் அதன் விஐசி-II சிப்பின் வசதிகள் தாமாகவே கண்ணில் படும். 24 x 21 புள்ளிகள் கொண்ட எட்டு ஸ்பிரைட்டுகளை, அதாவது தனித்தனியே நகர்த்தக்கூடிய சிறு படங்களை, பின்னணியைத் தொடாமலே அந்தச் சிப் திரையில் காட்டும். விண்கலத்தை நகர்த்த அதன் இருப்பிட எண்களை மாற்றினால் போதும். படத்தை அழித்து மறுபடி வரைய வேண்டியதில்லை. செயலி சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் சுடும் ஆட்டங்கள் அதில் வழுக்கிக்கொண்டு போனதற்கு இதுதான் காரணம்.

எம்எஸ்எக்ஸ் கணினிகளின் கதை இன்னும் வேடிக்கை. இசட்80 செயலியோடு ஸ்பிரைட்டுகளும் அவற்றில் உண்டு. எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு வரிக்கும் தனியாக இரண்டு நிறங்கள் கொடுக்கலாம். ஆனாலும் ஸ்பெக்ட்ரமிலிருந்து வந்த ஆட்டங்கள் பலவற்றில் அந்த வசதி தொடப்படவே இல்லை. கட்டத்துக்கு இரண்டு நிறம் என்ற பழைய கட்டுப்பாடு அப்படியே கூடவந்தது. போதாததற்கு எம்எஸ்எக்ஸில் திரை நினைவகம் செயலிக்கு நேரடியாக எட்டாது. செயலி தன் நினைவகத்தில் படத்தை வரைந்து முடித்து, பிறகு அதை ஒவ்வொரு பைட்டாகத் திரைச் சிப்புக்குத் தள்ள வேண்டியிருந்தது.